வேலைக்குப் போகும் ஓகேயு கார்டுகாரர்களுக்கு மருத்துவச் செலவு: தோட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட ஆபிசில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்க்கிறேன். காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, ஜன்னல் பக்கம் வந்து நின்று மெதுவாகக் கேட்கிற கேள்விகள்தான் இவை. கேட்பவர்கள் கையோ காலோ போனவர்கள், காது கேட்காதவர்கள், பக்கவாதம் வந்து எழுந்தவர்கள், பல நேரம் அவர்களுடைய மனைவியோ அம்மாவோ. ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருவதால் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஓகேயு கார்டு, ஓகேயு கார்டுன்னு சொல்றாங்களே, அது என்னக்கா? காசு கொடுக்கிற கார்டா?

இல்லை. அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். ஓகேயு என்றால் மலாயில் ஓராங் குராங் உபாயா, மாற்றுத்திறனாளி. உடல் அல்லது மன அளவில் நீண்டகாலக் குறைபாடு உள்ளவர் என்று ஜேகேஎம், அதாவது நாம் வெல்ஃபேர் என்று சொல்லும் சமூகநலத் துறை, பதிவு செய்து கொடுக்கும் கார்டு. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், எண் 685, இதற்குப் பின்னால் இருக்கிறது. பதிவு கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் செய்யலாம், கட்டணமும் இல்லை.

கார்டு கையில் வந்ததும் பாங்கில் தானாகப் பணம் விழும் என்று நினைத்து வாங்கிவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று அலமாரியில் போட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் தனி விண்ணப்பம். இந்தக் கார்டின் பெரிய பலனே அரசாங்க ஆஸ்பத்திரி கவுண்டரில்தான்.

எனக்கு விரல்தான் போச்சு, கால் கை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கெல்லாம் கிடைக்குமா?

எந்த விரல் என்பதைப் பொறுத்தது. மொத்தம் ஏழு வகை உண்டு: கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனம், அப்புறம் ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு சேர்ந்தது. உடல் வகையில் கட்டை விரல் போனதும் சேரும். செம்பனைக் குலை வெட்டும் வேலையில், மில்லில், கட்டை விரலை இழந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அதில் கார்டு எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

இனிப்பு நீர் (நீரிழிவு) முற்றிக் காலை எடுத்தவர்களும் இந்த வகைதான். "விபத்து இல்லையே, நோய்தானே" என்று தாங்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். எதனால் போனது என்று கார்டுக்குக் கவலை இல்லை, போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. காரணம் முக்கியமாகிற இடம் சொக்சோ என்கிற தொழிலாளர் காப்பீடு, அதைக் கீழே சொல்கிறேன்.

எங்க போய் எழுதணும்? ஈப்போ வரைக்கும் போகணுமா?

வேண்டாம். நமக்கு மாவட்டம் கோலகங்சார், அங்கே இருக்கும் வெல்ஃபேர் ஆபிஸ் போதும். ஆன்லைனிலும் செய்யலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள். வேண்டியது ஐசி (அடையாள அட்டை), பாஸ்போர்ட் அளவு படம், டாக்டர் எழுதி முத்திரை போட்ட ஃபார்ம்.

அலைச்சல் எல்லாம் அந்த டாக்டர் பகுதியில்தான். வழக்கமாக உங்களைப் பார்க்கும் டாக்டரிடமே, ஏற்கெனவே இருக்கும் அப்பாயின்ட்மென்ட் நாளில் ஃபார்மைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கென்று தனியாக ஒரு நாள் லீவு போட்டால் சம்பளமும் போகும், "உங்கள் பைல் இங்கே இல்லை" என்று திருப்பி அனுப்பவும் வாய்ப்பு உண்டு.

வேலைக்குப் போனா இலவச மருந்து கட் ஆகிடுமாமே? அதனாலதான் இவரை வேலைக்கு அனுப்பாம வச்சிருக்கேன்.

கட் ஆகாது. இந்த ஒரு பயத்தால் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துத்தான் இதையெல்லாம் எழுதவே ஆரம்பித்தேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டண விலக்கு ஓகேயு கார்டுக்குத்தான், சம்பளம் இல்லாதவர் என்பதற்காக இல்லை. நீங்கள் 500 வெள்ளி, அதாவது ரிங்கிட், சம்பாதித்தாலும் 5,000 வெள்ளி சம்பாதித்தாலும் கவுண்டரில் யாரும் சம்பளச் சீட்டு கேட்கப் போவதில்லை, கார்டைத்தான் கேட்பார்கள்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், மூன்று வேறு விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிடுகிறோம். கார்டு, அது குறைபாட்டைப் பார்க்கும். வெல்ஃபேர் மாதப் பணம், அது வருமானத்தைப் பார்க்கும், சம்பளம் ஏறினால் அது நிற்கலாம். சொக்சோ, அது நீங்கள் வேலை பார்த்தீர்களா, சந்தா கட்டினீர்களா, எப்படி அடிபட்டது என்று பார்க்கும். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு மாதப் பணம் நின்றதைப் பார்த்துவிட்டு "எல்லாம் நின்றுவிட்டது" என்று லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) முழுக்கப் பேச்சு பரவிவிடும். நின்றது இரண்டாவது மட்டும்தான்.

சரி, இலவசம்னா எது எது இலவசம்?

அரசாங்கக் கிளினிக்கிலும் ஆஸ்பத்திரியிலும் வெளிநோயாளி பதிவு, டாக்டர் பார்ப்பது, அப்புறம் மூன்றாம் வகுப்பு வார்டு. கார்டு இல்லாத மலேசியர் கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட்டும், ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் 5 ரிங்கிட்டும், மூன்றாம் வகுப்பில் ஒரு நாளைக்கு 3 ரிங்கிட்டும் கட்டுகிறார். "இவ்வளவு கம்மிக்கு எதற்குக் கார்டு" என்று சிலர் கேட்பார்கள். மாதம் ஒரு முறை போகிறவருக்கு அது சரி. அடிக்கடி அட்மிட் ஆகிறவருக்கும், ஆபரேஷன், ஸ்கேன் என்று போகிறவருக்கும் பில் அப்படி நிற்காது.

இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். முதலாவது, வசதிக்காக முதல் வகுப்போ இரண்டாம் வகுப்போ கேட்டால் விலக்கு கிடையாது. இரண்டாவது, உடம்புக்குள் வைக்கும் பிளேட், செயற்கைக் கால், இப்படி வெளியிலிருந்து வாங்க வேண்டிய பொருள்கள் கட்டண விலக்கில் சேராது. அதற்கு வேறு வழி உண்டு, செயற்கைக் கால் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அன்றைக்குக் கட்டச் சொல்வார்கள், அதனால் ஐசியோடு சேர்த்தே பர்சில் வையுங்கள்.

மருந்து வாங்க மட்டும் மாசா மாசம் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கு. அன்னிக்குச் சம்பளம் போச்சு.

போக வேண்டியதில்லை. எஸ்பியுபி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. டாக்டர் பல மாதத்துக்குச் சேர்த்து மருந்து எழுதியிருந்தால், மீதி மாதங்களுக்கான மருந்தை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ வாங்கிக்கொள்ளலாம். ஈப்போவில் முதல் மாத மருந்து வாங்கும்போதே பார்மசி கவுண்டரில் "எஸ்பியுபி, சுங்கை சிப்புட்" என்று சொல்லிவிடுங்கள். தபாலில் வாங்கும் வழியும் உண்டு, ஆனால் லயத்து முகவரிக்குத் தபால் வருகிற லட்சணம் உங்களுக்கே தெரியும்.

ஈப்போவுக்குப் போயே ஆக வேண்டிய நாளில் ரயிலில் போனால் கேடிஎம்மில் ஓகேயு கார்டுக்குப் பாதிக் கட்டணம்.

வேலை பார்க்கிற ஓகேயுவுக்கு 450 வெள்ளி தர்றாங்களாமே?

ஆமாம், வேலை பார்க்கும் ஓகேயுவுக்கான ஜேகேஎம் அலவன்ஸ், மாதம் 450 ரிங்கிட். இதற்குச் சம்பள வரம்பு உண்டு. அந்த வரம்பைச் சில வருடத்துக்கு ஒரு முறை உயர்த்துகிறார்கள், அதனால் போன தடவை "சம்பளம் அதிகம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அப்படியே விட்டுவிடாமல் இப்போதைய வரம்பு என்ன என்று வெல்ஃபேர் ஆபிசில் மறுபடி கேளுங்கள். குறைந்தபட்சச் சம்பளமே 2025 ஆகஸ்டிலிருந்து எல்லா முதலாளிகளுக்கும் 1,700 ரிங்கிட் ஆகிவிட்டது, ஆகவே பழைய கணக்கை வைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

சம்பளச் சான்று கேட்பார்கள், அதை ஆபிஸ்தான் தரவேண்டும். தரத் தயங்கும் ஆபிஸ்களும் உண்டு, எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை, முதலாளி பாக்கெட்டிலிருந்து ஒரு காசும் போவதில்லை.

சொக்சோவும் ஓகேயுவும் ஒன்னுதானே? ஒன்னு இருந்தா இன்னொன்னு கிடைக்காதுதானே?

இரண்டும் வேறு, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். சொக்சோ, மலாயில் பெர்கெசோ, 1969ஆம் ஆண்டின் சட்டம் எண் 4இன் கீழ் வருகிற காப்பீடு. மாதா மாதம் முதலாளி 1.75 விழுக்காடும் தொழிலாளி 0.5 விழுக்காடும் கட்டுகிறார்கள், 60 வயது தாண்டிவிட்டால் முதலாளி மட்டும் 1.25 விழுக்காடு. சம்பளச் சீட்டில் அந்தச் சின்னப் பிடித்தத்தைப் பார்த்துவிட்டு முணுமுணுப்பவர்கள், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

இதில் இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று வேலை விபத்து, வேலையில் அல்லது வேலைக்குப் போய்வரும் வழியில் அடிபட்டால், அல்லது வேலையால் நோய் வந்தால். இன்னொன்று இயலாமை, எந்தக் காரணத்தாலோ வேலை செய்யவே முடியாத நிலை வந்துவிட்டால். நம் ஆட்கள் முதல் கதவை மட்டும்தான் அறிவார்கள்.

வேலையில கால் மாட்டிக்கிச்சு. மண்டோர் "கிளினிக் போய்ட்டு வா, ரிப்போர்ட் எல்லாம் வேணாம்"னு சொல்றார். என்ன செய்ய?

ரிப்போர்ட் வேண்டும். விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவித்தாக வேண்டும், பாரம் 21 என்பது அதுதான். மண்டோர், அதாவது வேலை மேற்பார்வையாளர், நல்லவராகவே இருக்கலாம், "விபத்தில்லாத நாள்" பலகையில் எண் உடைந்துவிடும் என்ற கவலையாக இருக்கலாம், அது உங்கள் கவலை இல்லை. கிளினிக்கில் டாக்டர் கேட்கும்போது "வேலையில் அடிபட்டது, இந்த இடம், இந்த நேரம்" என்று சொல்லி எழுத வையுங்கள். "வீட்டில் விழுந்தேன்" என்று ஒரு வரி பைலில் ஏறிவிட்டால் பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. கூட நின்றவர் பெயரையும் குறித்து வையுங்கள்.

ஒழுங்காகப் பதிவானால் என்ன கிடைக்கும் என்றால், முழுதாகக் குணமாகும் வரை சொக்சோ செலவில் சிகிச்சை, அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டாம் வகுப்பு வார்டு. ஓகேயு கார்டுக்கு மூன்றாம் வகுப்புதான் என்று மேலே சொன்னேனே, வேலை விபத்தில் சொக்சோ ஒரு படி மேலே. விபத்து நாளையும் சேர்த்து 4 நாளோ அதற்கு மேலோ எம்சி (மருத்துவ விடுப்பு) கிடைத்தால் தினசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு வரும். நிரந்தரக் குறைபாடு ஆகிவிட்டால் மருத்துவக் குழு விழுக்காடு போடும். 20க்குள் இருந்தால் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம், 20க்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாகவும் மீதியை மாதா மாதமும் வாங்கலாம். எழுந்து நடமாட ஆள் துணை வேண்டிய முழு நிரந்தரக் குறைபாட்டுக்குத் துணைப்படி மாதம் 500 ரிங்கிட்.

இன்னொன்று, பலருக்குப் பிடிக்காத செய்தி. சொக்சோ வேலை விபத்துக்கு முதலாளி மேல் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு கேட்கச் சட்டத்தின் பிரிவு 31 தடை போடுகிறது. அதனால்தான் அந்தப் பாரம் 21 அவ்வளவு முக்கியம்.

நான் காண்ட்ராக்ட் ஆளு. சம்பளத்துல சொக்சோ பிடிக்கவே இல்ல. எனக்கு ஒன்னும் கிடையாதா?

ஒரே ஒரு ஆள் வேலைக்கு இருந்தாலும் முதலாளி பதிவு செய்ய வேண்டும், நாள் கூலியா மாதச் சம்பளமா என்பது முக்கியம் இல்லை. காண்ட்ராக்டர், அவருக்கு மேல் தோட்டம் என்று இரண்டு அடுக்கு இருக்கும்போது சட்டம் இரண்டு பேரையும் முதலாளியாகப் பார்க்கிறது. "அது காண்ட்ராக்டர் பாடு" என்று தோட்டமும், "அது தோட்டத்துப் பாடு" என்று காண்ட்ராக்டரும் பந்து விளையாடினால், நேரே ஈப்போ சொக்சோ ஆபிசுக்குப் போங்கள். வேலை விபத்துக்குப் பல மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

அவரிடம்தான் வேலை பார்த்தீர்கள் என்று காட்டுவதுதான் உங்கள் வேலை. செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) பக்கத்தைப் படம் எடுத்து வைப்பது, சம்பளம் போட்ட பாங்க் கணக்கு, காண்ட்ராக்டர் வாட்ஸாப்பில் "நாளைக்கு அந்தப் பத்தாவது பீல்டுக்குப் போ" என்று அனுப்பிய செய்தி, எல்லாம் ஆதாரம்தான். அழித்துவிடாதீர்கள்.

காலையில வேலைக்கு மோட்டார்ல வரும்போது லாரி இடிச்சுடுச்சு. தோட்டத்துக்குள்ள நடக்கலையே, செல்லுமா?

செல்லும். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகும் வழியில் நடந்தால் வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்வார்கள். போலீஸ் ரிப்போர்ட் அவசியம். ஆனால் வழியிலிருந்து விலகிப் போயிருந்தால் சிக்கல். வேலை முடிந்து நேராக வராமல், நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவு திரும்பும்போது நடந்ததை "வேலை முடிந்து வந்தேன்" என்று எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எழுதித் தரமாட்டேன். விசாரணையில் நேரமும் இடமும் பார்ப்பார்கள், பொய் என்று வந்தால் உள்ளதும் போகும்.

எனக்கு விபத்து இல்ல. ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் வரல. சொக்சோ கேட்டா "வேலையில வந்ததில்லையே"ன்னு சொல்றாங்க.

சொன்னது யார்? சொக்சோ அதிகாரியா, காப்பிக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவரா? மேலே சொன்ன இரண்டாவது கதவு இதற்குத்தான். பக்கவாதம், சிறுநீரகம், இருதயம், இனிப்பு நீரால் கால் எடுத்தது, எதுவானாலும் பரவாயில்லை. வழக்கமாகச் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை, அது மாறப் போவதில்லை என்று மருத்துவக் குழு உறுதி செய்தால் இயலாமைப் பென்ஷன். சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை, முடியாத நிலை நீடிக்கும் வரை வரும். டயாலிசிஸ் வரைக்கும் சொக்சோ உதவி இருக்கிறது, ஆனால் அதற்கும் இந்தப் பதிவுதான் அடிப்படை.

இங்கே சந்தா மாதங்கள் முக்கியம். விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதம் கட்டியிருந்தால் முழுத் தகுதி. அது இல்லாவிட்டால், சந்தா கட்ட ஆரம்பித்ததிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மாதங்கள், குறைந்தது 24 மாதம் கட்டியிருந்தால் குறைந்த அளவில் கிடைக்கும். அப்புறம் 60 வயதுக்கு முன் இந்த நிலை வந்திருக்க வேண்டும். "நல்லாகிடும், பார்ப்போம்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டே இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டால் அந்த 40 மாத ஜன்னல் நகர்ந்துகொண்டே போகும். தேய்ப்பதைத் தேயுங்கள், விண்ணப்பத்தையும் போடுங்கள்.

மில்லுல இருபது வருசம். இப்ப காது சரியா கேக்கல. வயசானா அப்படித்தான்னு சொல்றாங்க.

வயதால் வந்ததா சத்தத்தால் வந்ததா என்பதைக் காது டாக்டர் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். சத்தமான இடத்தில் வேலை பார்த்துச் செவித்திறன் குறைவது சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. விபத்து மாதிரி ஒரு நாள், ஒரு நேரம் என்று காட்ட முடியாததால் யாரும் போவதில்லை. மில்லில் வருடா வருடம் காது டெஸ்ட் எடுத்திருந்தால் அந்தச் சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள், அதுதான் நல்ல சாட்சி. குறைபாடு போதுமான அளவு இருந்தால் கேட்டல் வகையில் ஓகேயு கார்டும் எடுக்கலாம், இரண்டும் ஒன்றை ஒன்று தடுக்காது.

செயற்கைக் கால் ஆயிரக் கணக்குல சொல்றான். யார் கொடுப்பா?

கால் எதனால் போனது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். வேலை விபத்து என்றால் சொக்சோ, வேறு யாரிடமும் கை நீட்ட வேண்டாம். செயற்கை உறுப்பும், நடக்கப் பழக்கும் சிகிச்சையும் அவர்கள் பொறுப்பு. மலாக்காவில் 2014இல் திறந்த சொக்சோவின் துன் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது, இப்போது நமக்குப் பக்கத்திலேயே ஈப்போ மேரு ராயாவிலும் ஒன்று. இயலாமைப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் இந்த வசதி உண்டு.

சொக்சோ இல்லை என்றால் ஜேகேஎம்மில் உதவிக் கருவிகளுக்கு ஒரு திட்டம், கார்டு வேண்டும். அதுவும் இழுத்தடித்தால் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி, தாபோங் பந்துவான் பெருபாத்தான். இதற்கு நேராக எழுத முடியாது, ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு வழியாகப் போக வேண்டும், டாக்டரிடம் "அங்கே அனுப்பி வையுங்கள்" என்று வாய் திறந்து கேட்க வேண்டும். குடும்ப வருமானம் பார்ப்பார்கள். 40 வயது தாண்டி எஸ்டிஆர் (அரசாங்க ரொக்க உதவி) வாங்குகிறவராக இருந்தால், குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 திட்டத்திலும் மருத்துவக் கருவிக்கு வாழ்நாளில் 20,000 ரிங்கிட் வரை உதவி இருக்கிறது, இதுவும் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் வழியாகத்தான். இபிஎஃப், அதாவது சேமநிதி, பணத்தில் கை வைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து டிரெசர் காலத்துல எல்லாம் உள்ளேயே பார்த்தாங்க. இப்ப பேனல் கிளினிக்கா, கவர்மண்டா?

டிரெசர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், இருந்த காலம் வேறு. இரவு பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார், திட்டிக்கொண்டே ஊசி போடுவார். இப்போது பெரும்பாலான தோட்டங்களில் தோட்டம் ஏற்பாடு செய்திருக்கும், டவுனில் ஒரு பேனல் கிளினிக்தான். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஒரு நாள் எம்சி, இதற்கெல்லாம் பேனல் கிளினிக் சௌகரியம். நீண்டநாள் குறைபாட்டுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே பைல் ஒன்றாக இருக்கட்டும். ஓகேயு ஃபார்ம், சொக்சோ மருத்துவக் குழு, எதற்குப் போனாலும் பழைய பைலைத்தான் கேட்பார்கள்.

எம்சி பற்றியும் கேட்கிறார்கள், ஓகேயுவுக்குத் தனி எண்ணிக்கை கிடையாது. வேலைச் சட்டப்படி, சேவை இரண்டு வருடத்துக்குள் என்றால் வருடத்துக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் வருடத்துக்கு 60 நாள், 2023இலிருந்து இது தனிக் கணக்கு, சாதாரண எம்சியில் கழிக்கக் கூடாது.

தனியார் கிளினிக்குக்கே இலவசமா போகலாம்னு ஒரு திட்டம் வந்துச்சே?

ஸ்கிம் பெருபாத்தான் மடானி, 2023இல் வந்தது. எஸ்டிஆர் வாங்குகிறவர்களுக்கு, தேர்ந்தெடுத்த மாவட்டங்களில், திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்கில் மட்டும், காய்ச்சல் இருமல் மாதிரியான திடீர் நோய்களுக்கு, ஒரு வரம்பு வரை. ஓகேயு கார்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீண்டநாள் மருந்துக்கு இதை நம்பிப் போகாதீர்கள்.

மன நோய்க்கு மருந்து சாப்பிடுறேன். கார்டு எடுத்தா ஆபிசுல தெரிஞ்சிடுமா?

மன வகையில் பதிவு செய்ய, மனநல டாக்டரிடம் குறைந்தது இரண்டு வருடம் சிகிச்சையில் இருந்திருக்க வேண்டும். கார்டை ஆஸ்பத்திரி கவுண்டரில் மட்டும் காட்டி வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் 450 வெள்ளி அலவன்ஸ் கேட்டால் ஆபிசிலிருந்து சம்பளச் சான்று வேண்டும் என்று மேலே சொன்னேன், அந்த இடத்தில் தெரிந்துவிடும். இரண்டையும் தராசில் வைத்து நீங்களே முடிவெடுங்கள். மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ரோட்டோரம் நாசி லெமாக் விக்கிறேன், கால் ஊனம். எனக்கு யாரு சொக்சோ கட்டுவா?

நீங்களேதான். சுயதொழில் செய்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டம், எண் 789 இருக்கிறது. குறைந்த திட்டத்தில் வருடத்துக்கு 157 ரிங்கிட் 20 சென். வேலை விபத்துக்கான பாதுகாப்புதான் இதில் உண்டு, பக்கவாதத்துக்கு மேலே சொன்ன அந்த இயலாமைப் பென்ஷன் இதில் கிடையாது. ஏற்கெனவே ஓகேயு என்பது இதில் சேரத் தடை இல்லை. வீட்டம்மாவாக மட்டும் இருப்பவருக்கு 2022 டிசம்பரிலிருந்து இன்னொரு திட்டம், வருடத்துக்கு 120 ரிங்கிட்.

அடிபட்டு வந்த பிறகு லைட் வேலை கேட்டேன், இல்லன்னுட்டாங்க. சட்டத்துல இடம் இல்லையா?

சட்டம் 685 ஓகேயுவுக்கு மற்றவர்களுக்குச் சமமான வேலை உரிமை உண்டு என்று சொல்கிறது. ஆனால் மீறினால் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை, அதனால் அதைக் காட்டி மிரட்ட முடியாது. நடைமுறையில் வேலை செய்வது சொக்சோவின் வேலைக்குத் திரும்பும் திட்டம்தான், 2007இலிருந்து நடக்கிறது. ஒரு அதிகாரி உங்கள் கேஸைக் கையில் எடுத்து, டாக்டரிடமும் முதலாளியிடமும் பேசி, எந்த வேலை முடியும் என்று பார்த்துத் தருவார். தோட்ட மேனேஜர் நம்மிடம் பேசுகிற விதமும் சொக்சோ அதிகாரியிடம் பேசுகிற விதமும் வேறாக இருக்கும், கண்ணால் பார்த்தது. தோட்டத் தொழிலாளர் சங்கமான என்யுபிடபிள்யுவில் உறுப்பினராக இருந்தால் அதன் கிளையையும் கூடவே தட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "இனி வேலையே செய்ய முடியாது" என்று ஒரு பக்கம் இபிஎஃப்பில் எழுதி முழுப் பணத்தையும் எடுக்கப் பார்ப்பது, இன்னொரு பக்கம் "லைட் வேலை கொடுங்கள்" என்று கேட்பது, இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதும். எது வேண்டும் என்று முடிவு செய்த பிறகு காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

மருத்துவக் குழு 10 விழுக்காடுதான் போட்டிருக்கு. நடக்கவே முடியல, அவ்வளவுதானா?

மேல்முறையீடு செய்யலாம். முதல் குழுவின் முடிவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீட்டு மருத்துவக் குழு இருக்கிறது, அதற்கு மேல் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியமும் இருக்கிறது. காலக்கெடு உண்டு, அதனால் கடிதம் வந்த உறையைப் பிரித்துத் தேதியைப் பாருங்கள். மலாய் கடிதம் புரியவில்லை என்று சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டு, கெடு முடிந்த பிறகு கொண்டு வருகிறவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

மேல்முறையீட்டுக்குப் போகும்போது வலி இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, லயத்துப் படி ஏற முடிகிறதா, முன்பு எத்தனை குலை வெட்டினீர்கள், இப்போது எத்தனை, இப்படிச் சொல்லி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். புதிய எக்ஸ்ரே, பிசியோ சீட்டு, எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்து அசலை வீட்டில் வையுங்கள். நகல் எடுக்க வேண்டும் என்றால் ஆபிசுக்கு வாருங்கள், மெஷின் காலையில் சும்மாதான் கிடக்கிறது.